ஒரே லோக்கல்ஹோஸ்ட், ஐந்து குடித்தனம்

ஒரே கம்ப்யூட்டர், ஒரே வெப் சர்வர். அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து வெப்சைட்டுகளை வைத்து வேலை பார்க்க வேண்டும். எப்படி? இணையத்தில் தேடினால் கட்டுரையும் வீடியோவும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இந்த ஃபைலைத் திற, இந்த நாலு வரியை ஒட்டு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு, பிரவுசரில் பார், வந்துவிட்டதா, நன்றி வணக்கம்.

வந்துவிடுகிறது என்பது உண்மைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேள்வியில் "தனித்தனி வெப்சைட்டுகள்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை இந்தப் பாடங்கள் காதிலேயே வாங்குவதில்லை. தளம் திரையில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பக்கத்துத் தளத்திலிருந்து அது பிரிந்து நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றென்று நினைப்பதால் வரும் தொந்தரவுகளைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவாசல் ஒன்று, கிணறு ஒன்று, முற்றம் ஒன்று, உள்ளே ஐந்து குடும்பம். ஆளுக்கொரு அறை இருக்கிறது, கதவும் இருக்கிறது. அதற்காக அவை ஐந்து வீடு ஆகிவிடுமா? நம்முடைய லோக்கல் சர்வர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. எது பொது, எது தனி என்று குடியிருப்பவருக்கே தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

ஃபோல்டர் முறை: அறை மட்டும் தனி

முதல் முறை எல்லாருக்கும் தெரிந்தது. கல்லூரி லேபிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் முதலில் கற்பது இதைத்தான். ஸாம்ப் அல்லது வாம்ப் போடு, எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர் திற, லோக்கல்ஹோஸ்ட் சாய்கோடு கடை, லோக்கல்ஹோஸ்ட் சாய்கோடு பள்ளி என்று பிரவுசரில் அடி. முதல் நாள் பாடத்துக்கு இது போதும். பிரச்சினை என்னவென்றால், பத்து வருஷம் தொழில் செய்தவர்களும் இதிலேயே இருக்கிறார்கள்.

இதில் முதல் கோளாறு சீக்கிரமே கண்ணில் படும். தளத்தின் வேரிலிருந்து தொடங்கும் முகவரிகள் உடைந்துபோகும். லோகோவுக்கு "சாய்கோடு இமேஜஸ் சாய்கோடு லோகோ" என்று எழுதியிருந்தால், பிரவுசர் அதைக் கடை ஃபோல்டருக்குள் தேடாது, லோக்கல்ஹோஸ்டின் வேரில் தேடும். படம் வராது. உடனே ஒருவர் முகவரிக்கு முன்னால் ஃபோல்டர் பெயரையும் சேர்த்து எழுதுவார். உள்ளூரில் படம் வந்துவிடும். நிஜ சர்வரில் ஏற்றினால் அங்கே அந்த ஃபோல்டர் கிடையாது, மறுபடி போய்விடும். உள்ளூர் அமைப்பு நிஜ அமைப்பைப் போல இல்லாததால், உள்ளூருக்காக நிஜத்தைக் கெடுக்கிற வேலை இது.

இரண்டாவது கோளாறு கண்ணில் படாது. பிரவுசரைப் பொறுத்தவரை ஒரு தளம் என்பது ஃபோல்டரால் தீர்மானிக்கப்படுவதில்லை. நெறிமுறை, பெயர், போர்ட் எண் மூன்றும் சேர்ந்ததுதான் அதன் கணக்கில் ஓர் 'ஒரிஜின்'. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே வீடு. கடைத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் லோக்கல் ஸ்டோரேஜில் "டோக்கன்" என்ற பெயரில் ஒன்றை எழுதி, பள்ளித் தளமும் அதே பெயரில் எழுதினால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிடும்.

பிஎச்பி செஷனை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் மோசம். பிஎச்பி தானாக வைக்கிற செஷன் குக்கியின் பெயர் எல்லாத் தளத்துக்கும் ஒன்றுதான், அது செல்லுபடியாகும் பாதையும் வேரிலிருந்து தொடங்குகிறது. ஆக, கடையும் பள்ளியும் ஒரே செஷனைத்தான் படிக்கின்றன. கடையில் நீங்கள் 1-ஆம் எண் பயனராக லாகின் செய்தால், செஷனில் "யூசர் ஐடி 1" என்று பதிவாகும். பள்ளித் தளத்தின் கோடும் அதே பெயரில் பார்க்கிறது என்றால், அங்கே பாஸ்வேர்டே கொடுக்காமல் 1-ஆம் எண் பயனராக, அநேகமாக அட்மினாக, உள்ளே போய்விடுவீர்கள்.

இதை எத்தனை பேர் கவனிப்பார்கள்? லாகின் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். லாகின் பக்கத்தில் நிஜமாகவே ஓட்டை இருந்தாலும் தெரியாது, ஓட்டை இல்லாமலே ஓட்டை மாதிரி தோன்றவும் செய்யும். சோதனை செய்வதற்காக வைத்திருக்கும் இடமே சோதனை முடிவைக் கெடுக்கிறது. வேர்ட்பிரஸ் இதில் தப்பிக்கிறது, தளத்தின் முகவரியிலிருந்து செய்த ஒரு ஹாஷை அது தன் குக்கியின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. "எனக்கு இதுவரை ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்களில் பலர் வேர்ட்பிரஸ்காரர்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போர்ட் முறை: கதவு தனி, கிணறு ஒன்று

இரண்டாவது முறை, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு போர்ட் எண். கடை 8000, பள்ளி 8001, கிளினிக் 8002. ஜாங்கோ, நோட், ரியாக்ட் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் இயல்பு. டாக்கர் வந்தபிறகு இது இன்னும் பரவியது. ஃபோல்டர் முறையைவிட இது நிச்சயமாக மேல். போர்ட் வேறு என்றால் ஒரிஜின் வேறு, லோக்கல் ஸ்டோரேஜும் வேறு. வேர் முகவரிகளும் உடையாது.

ஆனால் குக்கி? குக்கி 1994-ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. ஒரிஜின் என்கிற கோட்பாடு முழுதாக உருப்பெறுவதற்கு முன்பே அது வந்துவிட்டது. அதனால் குக்கிக்குப் போர்ட் எண்ணைப் பற்றிக் கவலை கிடையாது, பெயரை மட்டும்தான் பார்க்கும். 2011-ல் வந்த குக்கி தர ஆவணம், ஆர்எஃப்சி 6265, போர்ட் வேறானாலும் குக்கிகள் பிரிக்கப்படுவதில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. விளைவு, 8000-ல் ஒரு ஜாங்கோ ப்ராஜெக்ட், 8001-ல் இன்னொன்று. ஒன்றில் லாகின் செய்தால் மற்றதில் லாக்அவுட் ஆகிவிடும். இரண்டும் ஒரே பெயரில் செஷன் குக்கி வைப்பதால் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. செஷன் கோடு சரியில்லையோ என்று அரைநாள் தேடுவார்கள். கோடில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, சர்வீஸ் வொர்க்கர். 3000-ஆம் போர்ட்டில் போன மாதம் ஒரு ப்ராஜெக்ட் ஓடியது, அது பிரவுசரில் ஒரு சர்வீஸ் வொர்க்கரைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த மாதம் அதே போர்ட்டில் வேறு ப்ராஜெக்டை ஓட்டினால், திரையில் பழைய ப்ராஜெக்ட் வந்து நிற்கும். காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மாதிரி. போர்ட் எண்ணுக்கும் தளத்துக்கும் நிலையான உறவு எதுவும் இல்லை என்பதுதான் இதன் அடிப்படைக் கோளாறு. 8001 எது, 8002 எது என்பதை உங்கள் தலைக்குள்தான் வைத்திருக்க வேண்டும்.

பெயர் முறை: சரியான வழி, அரைகுறைப் பாடம்

மூன்றாவது, பெயரால் பிரிப்பது. அப்பாச்சியில் இதற்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பெயர், என்ஜின்எக்ஸில் சர்வர் பிளாக். இது உள்ளூருக்காகக் கண்டுபிடித்த உபாயம் கிடையாது, நிஜ இணையம் நடப்பதே இப்படித்தான். எச்டிடிபி 1.0-ல் பிரவுசர் சர்வரிடம் "இந்தப் பக்கம் வேண்டும்" என்று மட்டும் கேட்கும், எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தளத்துக்கு ஒரு ஐபி முகவரி வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 (ஆர்எஃப்சி 2068) ஹோஸ்ட் என்ற தலைப்பு வரியைக் கட்டாயமாக்கியது. தபால் உறையில் கதவு எண்ணோடு ஆள் பெயரையும் எழுதச் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகுதான் ஒரு ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைக்க முடிந்தது, ஹோஸ்டிங் விலையும் இறங்கியது.

லோக்கலில் செய்ய இரண்டு வேலை. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பெயரை 127.0.0.1-க்குக் காட்ட வேண்டும். சர்வரில் அந்தப் பெயருக்கு ஒரு ஃபோல்டரைக் காட்ட வேண்டும். இந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் டிஎன்எஸ்ஸைவிடப் பழையது. ஆர்பாநெட் காலத்தில் வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தது. அது தாங்காமல் போனபோதுதான் 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தப் பழைய ஃபைல் இன்றும் நம் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது, டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன் வழக்கமாக அதைத்தான் பார்க்கிறார்கள்.

முறை சரி. இதைச் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள்தான் அரைகுறை. மூன்று விஷயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, பெயர் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பது. அப்பாச்சி பெயரைத் தேடிப்பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லாது. பட்டியலில் முதலில் இருக்கும் விர்ச்சுவல் ஹோஸ்டைக் கொடுத்துவிடும். என்ஜின்எக்ஸும், இதுதான் இயல்புத் தளம் என்று நாம் குறிக்காவிட்டால், அதையே செய்யும். "புது சைட் சேர்த்ததும் லோக்கல்ஹோஸ்ட் காணாமல் போச்சு, எதை அடித்தாலும் கடைதான் வருது" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். டெபியனில் இயல்பான தளத்தின் ஃபைல் பெயர் 000 என்று தொடங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அகரவரிசையில் முதலில் வரவேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயர்.

இது வெறும் குழப்பத்தோடு நின்றால் பரவாயில்லை. அப்பாச்சி தன் இயல்பான அமைப்பில் 127.0.0.1-ல் மட்டும் காத்திருப்பதில்லை, கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கிறது. ஃபயர்வால் தடுக்காவிட்டால், ஒரே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் லேப்டாப்பின் ஐபியை அடிக்கலாம். ஐபி எந்தப் பெயரோடும் பொருந்தாது, ஆகவே முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட் திறக்கும். அகரவரிசையில் எந்த வாடிக்கையாளர் முதலில் வருகிறாரோ, அவருடைய முடியாத தளம் டீக்கடை வைஃபையில் எல்லாருக்கும் தெரியும். ஹோஸ்ட் வரியைக் கையால் எழுதி அனுப்பத் தெரிந்தவருக்கு மற்ற நாலும் தெரியும்.

வைஃபையில் யாரும் இல்லை என்றாலும் இன்னொரு வழி உண்டு. டிஎன்எஸ் ரீபைண்டிங் என்று அதற்குப் பெயர். நீங்கள் ஏதோ ஒரு விஷமத் தளத்தைத் திறக்கிறீர்கள். அதன் பெயர் முதலில் தன் சொந்த சர்வரைக் காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் அதே பெயர் 127.0.0.1-ஐக் காட்டுகிறது. பெயர் மாறவில்லை, ஆகவே பிரவுசருக்குச் சந்தேகம் வராது. அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் உங்கள் லோக்கல் சர்வரிடம் கேட்டு, வந்த பதிலைப் படித்துவிடும். அந்தக் கோரிக்கையில் ஹோஸ்ட் வரியில் விஷமத் தளத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட் ஒன்றுமில்லாத, "அனுமதி இல்லை" என்று மட்டும் சொல்லும் தளமாக இருந்தால், கதை அங்கேயே முடிந்தது. ஜாங்கோவில் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் கேட்கிறார்களே, அதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பலர் அந்தப் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆக முதல் விர்ச்சுவல் ஹோஸ்டைக் காலியாக வைப்பதும், சர்வரை 127.0.0.1-ல் மட்டும் காத்திருக்கச் சொல்வதும், சேர்த்தால் அஞ்சாறு வரி. அதை எழுதாத பாடத்தை முழுப் பாடம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, என்ன பெயர் வைப்பது என்பது. இதில் ஒரு பெரிய கதையே நடந்திருக்கிறது. ரொம்ப காலமாக உள்ளூர்த் தளங்களுக்கு ".டெவ்" என்று முடியும் பெயர் வைப்பது பழக்கம். டெவலப்மென்டுக்கு டெவ், பொருத்தமாகத்தானே இருக்கிறது. லாராவெல் வேலட் மாதிரியான கருவிகளும் அதையே இயல்பாக வைத்திருந்தன. ஆனால் அந்தப் பெயரை யாரும் நமக்கு எழுதிக்கொடுக்கவில்லை. 2012-ல் ஐகான் புதிய மேல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் வாங்கியபோது கூகுள் .டெவ்வைக் கேட்டு வாங்கியது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, .டெவ் முழுவதையும் எச்எஸ்டிஎஸ் முன்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதாவது .டெவ் என்று முடியும் எந்தப் பெயருக்கும் பிரவுசர் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் போகும், சான்றிதழ் சரியில்லை என்றால் தாண்டிப்போகவும் விடாது. முந்தைய நாள்வரை ஓடிய உள்ளூர்த் தளங்கள் குரோமை அப்டேட் செய்ததும் திறக்க மறுத்தன. 2019-ல் .டெவ் பெயர்கள் பொதுவிற்பனைக்கும் வந்துவிட்டன.

அப்போது கூகுளைத் திட்டாத டெவலப்பர் குறைவு. தன் பொருளுக்கு விதி வைக்கும் உரிமை அதற்கு உண்டுதான். இவ்வளவு பேர் புழங்கும் பொதுச்சொல் ஒன்றை ஒரு நிறுவனத்துக்குத் தனியுடைமையாகக் கொடுத்த முறையைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 1999-லேயே ஆர்எஃப்சி 2606 நான்கு பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டது: .டெஸ்ட், .எக்ஸாம்பிள், .இன்வாலிட், .லோக்கல்ஹோஸ்ட். இவை யாருக்கும் விற்கப்படாது என்பதுதான் அந்த ஒதுக்கீட்டின் பொருளே. 18 வருஷம் அந்த ஆவணம் கண்முன்னால் இருந்தது. பாடம் எழுதியவர்கள் முந்தைய பாடத்தைப் பார்த்து எழுதினார்கள், ஆவணத்தைப் பார்க்கவில்லை. வேலட் .டெஸ்டுக்கு மாறிக்கொண்டது. பழைய பாடங்கள் பல இன்றும் .டெவ்வோடு அப்படியே இருக்கின்றன, புதிதாகப் படிக்க வருபவர் அதில் போய் விழுகிறார்.

".லோக்கல்" என்று வைக்கும் பழக்கமும் உண்டு. அது 2013-ல் ஆர்எஃப்சி 6762 வழியாக மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்குப் போய்விட்டது, பிரின்டரும் மற்ற சாதனங்களும் வீட்டு வலையமைப்பில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துகின்றன. அதில் தளம் வைத்தால் சில கணினிகளில் பெயரைத் தேடுவதற்கே சில நொடி பிடிக்கும். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். நிஜத் தளத்தின் பெயரையே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி 127.0.0.1-க்குத் திருப்பிவிடும் உபாயத்தையும் சிலர் சொல்லித்தருகிறார்கள். அது எல்லாவற்றிலும் ஆபத்தானது. எழுதியதை மறந்தால், உள்ளூரில் திருத்திவிட்டு நிஜத்தில் திருத்தியதாக நம்புவோம். எடுத்ததை மறந்தால், உள்ளூர் என்று நினைத்து நிஜத்தில் கைவைப்போம்.

மூன்றாவது, எச்டிடிபிஎஸ். இங்கே பெயர் முறைக்கு ஒரு நியாயமான பாதகம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சர்வீஸ் வொர்க்கர், இருப்பிடம் கேட்பது, கேமரா போன்ற வசதிகளைப் பிரவுசர் பாதுகாப்பான சூழலில்தான் கொடுக்கும். லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விதிவிலக்கு, எச்டிடிபிஎஸ் இல்லாமலே அதை நம்பும். கடை.டெஸ்ட் என்று பெயர் வைத்ததும் அந்தச் சலுகை போய்விடும். ஃபோல்டரில் ஓடியது பெயரில் ஓடாது. "பழைய முறையே தேவலை" என்று திரும்பிப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கடை.லோக்கல்ஹோஸ்ட், பள்ளி.லோக்கல்ஹோஸ்ட் என்று வைப்பது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இப்படி முடியும் பெயர்களைத் தாங்களே உள்ளூருக்குத் திருப்பிவிடுகின்றன, ஹோஸ்ட்ஸ் ஃபைலையே தொட வேண்டாம், நம்பகமான சூழலாகவும் எடுத்துக்கொள்கின்றன. பிரவுசருக்கு வெளியே, தளமே தன்னைத்தானே அழைக்கும்போது, அந்தப் பெயர் புரியுமா என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தது. அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி எம்கேசர்ட் போன்ற கருவி. ஃபிலிப்போ வால்சோர்டா எழுதியது. அது உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சான்றிதழ் அதிகாரியை உண்டாக்கி, அதை நம்பும்படி கணினிக்குச் சொல்லிவிடும். வசதியானதுதான். ஆனால் அந்த அதிகாரியின் ரகசியச் சாவி யார் கையில் கிடைத்தாலும், உங்கள் பிரவுசர் முன்னால் எந்த வங்கித் தளம் போலவும் வேஷம் போட அவரால் முடியும். ஆபீஸ் குழுவுக்கே ஒரு சாவி என்று வாட்ஸப்பில் சுற்றவிடும் பொருள் அது கிடையாது.

பின்கட்டு

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பிரிந்திருப்பது தெருவாசல் மட்டும்தான். பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

ஐந்து தளத்துக்கும் ஒரே மைஎஸ்க்யூஎல், ஒரே ரூட் பயனர். ஸாம்பில் அந்த ரூட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பள்ளித் தளத்துக்காக இறக்கிய ஏதோ ஒரு இலவச ப்ளக்இன் நினைத்தால் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கலாம், டேபிளை அழிக்கலாம். தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ், டேட்டாபேஸுக்கு ஒரு பயனர் என்று வைப்பதற்கு இரண்டு கட்டளை போதும். பிஎச்பியும் அப்படித்தான். அப்பாச்சியோடு ஒட்டி ஓடும்போது எல்லாத் தளமும் ஒரே கணினிப் பயனராகத்தான் ஓடுகின்றன. ஒன்றின் கோடு மற்றதன் பாஸ்வேர்ட் ஃபைலைத் திறந்து படிக்கத் தடை எதுவும் இல்லை. பதிப்பும் ஒன்றுதான். பழைய வாடிக்கையாளரின் தளம் பிஎச்பி 7.4-ல்தான் ஓடும், புதியது 8-க்கு மேல் கேட்கிறது என்றால், யாரைக் கைவிடுவீர்கள்? பிஎச்பி எஃப்பிஎம்மைப் பதிப்புக்கு ஒன்றாகப் போட்டு, தளத்துக்குத் தனிப் பயனரோடு ஒரு பூல் என்று வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். கேஷுக்கு ரெடிஸ் வைத்திருப்பவர்கள், ஒரு தளத்துக்காக எல்லாவற்றையும் அழி என்று கட்டளை கொடுத்தால் ஐந்துக்கும் சேர்த்து அழிகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டாக்கர் இந்தப் பின்கட்டுப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் பிரபலமானது, நன்றாகவே தீர்க்கிறது. தளத்துக்கொரு டேட்டாபேஸ், தளத்துக்கொரு பிஎச்பி. ஆனால் வேடிக்கை பாருங்க, பின்னால் அவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டு, முன்னால் 8080, 8081 என்று போர்ட் கொடுத்து, மேலே சொன்ன அதே குக்கிச் சண்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, டாக்கர் ஒரு போர்ட்டைத் திறந்தால் வேறு சொல்லாதவரை எல்லா முகவரியிலும் திறக்கிறது. லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் அதைத் தாண்டிப்போய்விடும். முன்னால் கேடி அல்லது ட்ராஃபிக் போன்ற ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை 127.0.0.1-ல் நிறுத்தி, பெயரால் பிரித்து உள்ளே அனுப்பினால்தான் வேலை முழுமையாகும்.

கடைசியாக மெயில். இதுவும் பின்கட்டில் சேர்ந்ததுதான். நிஜத் தளத்தின் டேட்டாபேஸை அப்படியே இறக்கி உள்ளூரில் வைக்கிறோம். அதில் நிஜ மனிதர்களின் மெயில் முகவரியும், மெயில் அனுப்பும் சேவையின் பாஸ்வேர்டும் இருக்கின்றன. "உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது" என்ற செய்தியைச் சோதிக்க ஒரு பட்டனை அழுத்தினால், அது நிஜமாகவே ஊர்பேர் தெரியாத ஒருவர் இன்பாக்ஸில் போய் விழும். மெயில்பிட் மாதிரி எல்லா மெயிலையும் உள்ளூரிலேயே பிடித்து வைக்கும் கருவி ஒன்றை எல்லாத் தளத்துக்கும் பொதுவாக வைத்துவிடலாம். பொதுக்கிணறாக இருந்தால் நல்லது என்று சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

"லோக்கல்தானே சார்"

இவ்வளவையும் சொன்னால் வரும் பதில் இதுதான். லோக்கல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எச்டிஎம்எல் கற்கும் மாணவருக்கு ஃபோல்டர் போதும். ஒரே ஒரு ப்ராஜெக்ட் வைத்திருப்பவருக்குப் போர்ட் போதும். அவர்களை டாக்கருக்கும் ப்ராக்ஸிக்கும் இழுத்துப்போவது, கொசுவுக்குப் பீரங்கி. எல்லாருக்கும் எல்லாம் தேவை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இந்த முறையை உண்மையில் நம்பியிருப்பவர் யார்? சின்ன ஊரில், ஒரே லேப்டாப்பில், ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் தளம் செய்துகொடுக்கும் ஒற்றை ஆள். அவருக்கு லோக்கல் என்பது விளையாட்டுத் திடல் கிடையாது. அதில் கடையின் வாடிக்கையாளர் போன் நம்பர் இருக்கிறது, பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் இருக்கிறது, யார் எந்த டாக்டரைப் பார்க்க வந்தார் என்ற பதிவு இருக்கிறது. அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தங்கள் கணக்குப் புத்தகம் மற்றவருடையதோடு ஒரே அலமாரியில், பூட்டில்லாமல் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒப்புவார்களா? பெரிய நிறுவனத்தில் இதைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். ஒற்றை ஆளுக்கு இருப்பது இந்தப் பாடங்கள் மட்டும்தான். அதனால்தான் அவை அரைகுறையாக இருப்பது எனக்கு உறுத்துகிறது.

பிரிந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு தளத்திலும் லாகின் செய்துவிட்டு ஒன்றில் லாக்அவுட் செய்யுங்கள், மற்றது அப்படியே நிற்கிறதா பாருங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எந்தத் தளத்துக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை எழுதித் திறந்துபாருங்கள், யாருடைய தளமாவது வருகிறதா? உங்கள் போனை அதே வைஃபையில் இணைத்து லேப்டாப்பின் ஐபியை அடித்துப்பாருங்கள். ஒரு தளத்தின் டேட்டாபேஸ் பயனரை வைத்துக்கொண்டு மற்றதன் டேபிளைக் கேட்டுப்பாருங்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தி மெயில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஐந்தே சோதனை, கால் மணி நேரம். இதில் எத்தனையில் உங்கள் அமைப்பு தேறுகிறதோ, உங்கள் தளங்கள் அந்த அளவுக்குத்தான் தனித்தனி.